கப்பலில் இறங்க வேண்டிய விமானம்

2025 ஏப்ரல் 28 அன்று இந்தியாவும் பிரான்சும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. நமது கடற்படைக்கு 26 ரஃபேல் மரைன் போர் விமானங்கள் வரவிருக்கின்றன. விலை சுமார் 63,000 கோடி ரூபாய். ஆயுதங்கள், விமானிகளுக்கான பயிற்சி, பராமரிப்பு எல்லாம் சேர்ந்த தொகை இது. கொச்சியில் நாமே கட்டி முடித்த ஐ.என்.எஸ். விக்ராந்த் கப்பலுக்கு ஆன செலவோ சுமார் 20,000 கோடிதான். கப்பலைவிட அதன்மேல் நிற்கப்போகும் விமானங்களுக்கு மூன்று மடங்கா என்ற கேள்வி எழுவது இயல்பே, அதில் நியாயமும் உண்டு. ஆனால் அதற்குப் பதில் 2025ஆம் ஆண்டில் இல்லை, அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் இருக்கிறது.

தரையில் இறங்கும் போர் விமானத்திற்கு இரண்டு, மூன்று கிலோமீட்டர் நீள ஓடுபாதை கிடைக்கும். விமானந்தாங்கிக் கப்பலில் அப்படியில்லை. விமானத்தின் வாலருகே ஒரு கொக்கி தொங்கும். தளத்தின் குறுக்கே இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிகளில் ஒன்றை அந்தக் கொக்கி பிடித்தாக வேண்டும். பிடித்தால் சுமார் நூறு மீட்டருக்குள் விமானம் நின்றுவிடும். பிடிக்கத் தவறினால் மறுபடி வானில் ஏறியாக வேண்டும் என்பதற்காக, சக்கரம் தளத்தைத் தொட்ட கணமே விமானி என்ஜினை முழு வேகத்திற்குக் கொண்டுபோகிறார். அதாவது நிற்க வேண்டிய நேரத்தில் வேகத்தைக் கூட்டுகிறார்! கப்பலோ அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். விமானம் தளத்தில் வந்து அமர்வதை இறங்குவது என்று சொல்வதைவிட விழுவது என்று சொல்வதே பொருந்தும். இத்தகைய அடியை நாள்தோறும் தாங்கும் எலும்புக்கூடு ஒரு விமானத்திற்கு இருக்க வேண்டுமானால், அது வரைபடத்திலேயே தொடங்க வேண்டும்.

இந்தப் பாடத்தை நாம் அதிக விலை கொடுத்தே கற்றோம். 2004இலும் 2010இலும் செய்த ஒப்பந்தங்களின்படி இரஷ்யாவிடமிருந்து 45 மிக்-29கே விமானங்களை வாங்கினோம். தரைத் தளங்களுக்காகப் பிறந்த மிக்-29 விமானத்தைக் கடலுக்கென மாற்றியமைத்த வடிவம் அது. 2016இல் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் வெளியிட்ட அறிக்கை அதைப்பற்றிச் சொன்னது வேதனைக்குரியது. ஒற்றை இருக்கை விமானங்களில் பறப்பதற்குத் தயாராக இருந்தவை 16 முதல் 38 விழுக்காடு வரைதான். வடிவமைப்புக் கோளாறுகளால் 40 என்ஜின்கள் விலக்கப்பட்டன அல்லது நிராகரிக்கப்பட்டன. தளத்தில் இறங்கும் அதிர்ச்சியே பாகங்களைப் பழுதாக்கியது. 2020 நவம்பரில் ஒரு மிக்-29கே பயிற்சி விமானம் கோவாவை ஒட்டிய கடலில் விழுந்தது. இரு விமானிகளில் ஒருவர் மீட்கப்பட்டார். மற்றவரின் உடல் பல நாள் தேடலுக்குப் பின் டிசம்பரில்தான் கிடைத்தது.

சொந்தமாகச் செய்ய முயலவில்லையா என்று கேட்கலாம். முயன்றோம். தேஜஸ் விமானத்தின் கடற்படை வடிவம் 2012இல் முதன்முறை பறந்தது. ஆனால் அதுவும் தரைக்காக வரையப்பட்ட விமானமே. சக்கரக் கால்களையும் உடலையும் பலப்படுத்தியபோது எடை ஏறியது. இருப்பதோ ஒரே என்ஜின். போதிய எரிபொருளும் ஆயுதமும் சுமந்து சுமார் 200 மீட்டருக்குள் எழும்ப அதனால் இயலாது என்று, 2016 டிசம்பரில் அன்றைய கடற்படைத் தளபதி சுனில் லாம்பா வெளிப்படையாகவே சொன்னார். அப்போது பலர் அவர்மேல் கோபப்பட்டார்கள். விமானியை அனுப்பி வைப்பவர் அவர்தானே. அவர் சொன்னதில் தவறில்லை என்பதே நம் கருத்து. அதே வேளையில், அந்த முயற்சி வீண்போகவும் இல்லை. 2020 ஜனவரி 11 அன்று அந்தத் தேஜஸ் விக்கிரமாதித்யா கப்பலில் கம்பி பிடித்து இறங்கியது. உலகில் வெகுசில நாடுகளுக்கே கைவந்த வித்தை அது.

இந்நிலையில்தான் ரஃபேல் மரைனும் அமெரிக்காவின் எஃப்/ஏ-18 சூப்பர் ஹார்னெட்டும் போட்டிக்கு வந்தன. அமெரிக்க, பிரெஞ்சு விமானந்தாங்கிகளில் விமானத்தை உந்தித் தள்ளும் கருவி உண்டு. விக்ராந்தில் அது கிடையாது. தளத்தின் முனை மேல்நோக்கி வளைந்திருக்கும்; விமானம் தன் சொந்த வலிமையால் ஓடி அதன் வழியே எகிற வேண்டும். எனவே 2022இல் இரு விமானங்களும் கோவாவிலுள்ள கடற்படையின் சோதனை வளைவில், ரஃபேல் ஜனவரியிலும் ஹார்னெட் பின்னர் மே, ஜூன் மாதங்களிலும் எழும்பிக் காட்டின.

ஏடுகள் இதைக் கிரிக்கெட் ஆட்டம்போல எழுதின. வேகம் எவ்வளவு, ஏவுகணை எத்தனை என்று அட்டவணைகள் வந்தன. உண்மையான வேறுபாடுகள் வேறிடத்தில் இருந்தன. ஹார்னெட்டின் இறக்கைகள் மடியும். நெருக்கடியான கப்பலில் அது பெரிய வசதி. ரஃபேலுக்கு மடியாது. ஹார்னெட்டின் இரட்டை இருக்கை வடிவம் கப்பலில் இயங்கும். ரஃபேலின் இரட்டை இருக்கை வடிவமோ கப்பலில் இறங்காது. நாம் வாங்கும் 26இல் 22 மட்டுமே கப்பலுக்கானவை, மற்ற 4 தரையில் பயிற்சிக்கானவை. இவ்விரண்டிலும் ஹார்னெட்தான் மேல்.

ஆனால் நமது விமானப்படையில் ஏற்கெனவே 36 ரஃபேல்கள் இருக்கின்றன. உதிரிப் பாகங்கள், பயிற்சி, பழுதுபார்ப்பு என எல்லாவற்றிலும் அது கைகொடுக்கும். மேலும், 2023 பிப்ரவரியில் போயிங் நிறுவனம் ஹார்னெட் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. மூடப்போகும் பட்டறையின் பொருளை முப்பதாண்டுப் பயன்பாட்டுக்கு யார் வாங்குவார்கள்? அந்த ஆண்டு ஜூலையில் பாதுகாப்புக் கொள்முதல் குழு ரஃபேலுக்கு ஒப்புதல் தந்தது.

ரஃபேலின் பிறப்பும் கவனிக்கத்தக்கது. 1985இல் ஐரோப்பிய நாடுகளின் கூட்டு விமானத் திட்டத்திலிருந்து பிரான்ஸ் வெளியேறியது. கப்பலிலும் இயங்கும் விமானம் வேண்டும் என்பது அதற்கான காரணங்களில் ஒன்று. தரைக்கும் கடலுக்கும் ஒரே நேரத்தில் வரைந்தார்கள். அங்கே ரஃபேலை முதலில் பணியில் அமர்த்தியதும் கடற்படைதான். நாமோ தரை விமானத்தைச் செய்து முடித்துவிட்டு, பிறகு கடலை நினைத்துக்கொண்டோம்.

2017இல் கடற்படை தேடியது 57 விமானங்களை. அது 26ஆகச் சுருங்கியது. எஞ்சிய இடத்தை நிரப்ப, தொடக்கத்திலிருந்தே கப்பலுக்கென இரண்டு என்ஜின்களோடு வரையப்படும் இந்திய விமானத் திட்டம் ஒன்று உண்டு. அதன் வரைபடங்களும் மாதிரி உருவங்களும் கண்காட்சிகளில் மக்கள் பார்வைக்கு வந்திருக்கின்றன. அந்தத் திட்டத்திற்கு ஆண்டுதோறும் எவ்வளவு ஒதுக்குகிறார்கள் என்று வரவுசெலவுத் திட்டங்களில் நாம் கவனித்துக் கேட்க வேண்டும். 63,000 கோடியைப்பற்றிய நம் கோபத்தைக் காட்ட வேண்டிய இடமும் அதுவே. ஒப்பந்தப்படி 26 ரஃபேல்களும் 2030க்குள் வந்து சேர வேண்டும். அதுவரை விக்ராந்தின் கம்பியைத் தேடி இறங்கும் விமானிகள் அந்த மிக்-29கே விமானங்களில்தான் அமர்ந்திருப்பார்கள்.