சரக்கும் தணிக்கைக்கு உரியதே

கூட்டுறவுப் பண்டகசாலைக்குத் தணிக்கைக்காகச் செல்லும் நாம், கணக்கேடுகளைப் புரட்டுகிறோம், இருப்பை எண்ணுகிறோம், தராசின் முத்திரையையும் பார்க்கிறோம். மூட்டையிலுள்ள மஞ்சள் தூள் முற்றும் மஞ்சள்தானா என்று மட்டும் கேட்பதில்லை. இக்குறையில் நமக்கும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொண்டே இதனை எழுதுகிறோம்.

மஞ்சள் தூளுக்குப் பொய்நிறம் ஏற்ற இரு பொருள்கள் கலக்கப்படுவதுண்டு. ஒன்று மெட்டானில் மஞ்சள். பட்டுக்கும் கம்பளிக்கும் தோய்க்கும் சாயம். சாயத்தின் இடம் தொட்டியே, குழம்புச் சட்டியன்று என்பதை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. மற்றொன்று ஈயக் குரோமேட். அதிலுள்ள ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. எட்டு, ஒன்பது மாதம் பாடுபட்டு மஞ்சள் விளைவிக்கும் உழவரின் நற்பெயரும் இக்கலப்படத்தால் அழிகிறது. ஆகவே இது உண்பவரின் வழக்கு மட்டுமன்று. விளைவிப்பவரின் வழக்கும் ஆகும்.

ஒரு கண்ணாடிக் குவளை நீரில் ஒரு தேக்கரண்டித் தூளை இட்டு வைத்தால், நல்ல மஞ்சள் அடியில் படியும். நீர் இளமஞ்சளாக நிற்கும். சாயம் கலந்திருப்பின் நீர் அடர்ந்த மஞ்சளாகும். ஆனால் இத்தகைய வீட்டுச் சோதனை ஐயத்தை எழுப்புமேயன்றிக் குற்றத்தை நிறுவாது. இதனைக் கொண்டே ஒரு வணிகரைத் தூற்றுதல் அறமன்று. சிறிதளவு ஈயம் கண்ணுக்குப் புலப்படாதாகையால், இதில் தேறிய தூள் தூயதென்று துணியவும் இயலாது. முடிவு கூற வேண்டியது பகுப்பாய்வுக்கூடமே.

அதற்குச் சட்டம் வழி வகுத்திருக்கிறது. 1954ஆம் ஆண்டின் கலப்படத் தடுப்புச் சட்டத்திற்கு மாற்றாக வந்த 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, பொருளை வாங்கும் எவரும் கட்டணம் செலுத்தி அதனைப் பகுப்பாய்வு செய்விக்கலாம். ஆய்வுக்கு அனுப்பும் எண்ணத்தை வாங்கும்போதே விற்பவரிடம் தெரிவித்துவிட வேண்டும். பலர் தவறவிடும் நிபந்தனை இதுவே. பொருள் சட்டத்திற்கு ஒவ்வாதது எனத் தெரிந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

ஒவ்வொரு சங்கமும் புதிய மூட்டையைப் பிரிக்கும்போது இரு அங்கத்தினர் முன்னிலையில் சோதித்து, முடிவை ஏட்டில் பதிய வேண்டும். ஐயமுற்றதைச் சங்கச் செலவிலேயே ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். வீண் செலவென்று சிலர் கூறலாம். அங்கத்தினரின் நம்பிக்கையே சங்கத்தின் முதல். அதனைக் காக்கும் செலவு வீணாகாது. அடுத்த தணிக்கையில் அவ்வேட்டையும் நாம் கேட்போம். அங்கத்தினர்களும் கேட்பார்களாக.