மதகைத் திறப்பவர் சொல்ல வேண்டாமா?

சிற்றிதழ்ப் பணி இன்று பெரும்பாலும் ஒரு பொதுக் கோப்புறையைச் சுற்றியே நடக்கிறது. பச்சைமலை அடிவாரத்துத் துறையூரிலிருந்து ஒருவர் மெய்ப்புத் திருத்திச் சேமிக்கிறார் என்று கொள்வோம். திருவரங்கத்தில் அதே கட்டுரையைப் பக்கமாக்கிக்கொண்டிருப்பவரின் கணினிக்கு அச்செய்தி எட்டாமலே போகலாம். பழைய பாடமே அச்சேறிவிடலாம். இதை மனிதரின் கவனக்குறைவாக மட்டும் பார்ப்பது சரியன்று என்பது எங்கள் கருத்து.

கோப்பு மாறியதும் அறிவிக்கும் ஏற்பாடு புதிதன்று. லினக்ஸில் 2005 முதல் 'ஐநோட்டிஃபை' அதைச் செய்கிறது. ஆனால், தன் கணினி வழியாக நடக்கும் மாற்றங்களை மட்டுமே அது அறியும். தொலைவிலுள்ள வழங்கியில் இருக்கும் கோப்பை வேறொருவர் மாற்றினால் மௌனம்தான். விண்டோஸ் பயன்படுத்தும் எஸ்எம்பி நெறிமுறையில் இவ்வறிவிப்புக்கு இடமுண்டு. யுனிக்ஸ் மரபில் வந்த என்எஃப்எஸ்ஸோ, 2010-இல் வெளியான 4.1 பதிப்பில்தான் கோப்புறைகளுக்கு அதை அனுமதித்தது. அதுவும் கட்டாயமாக அன்று. ஆகவே மென்பொருள்கள் சில நொடிகளுக்கு ஒருமுறை "மாறிற்றா, மாறிற்றா" என்று வழங்கியைக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன.

எதிர்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. யார் எதைக் கவனிக்கிறார்கள் என்பதை வழங்கி நினைவில் வைக்க வேண்டும்; இணைப்பு அறுந்தால் அறிவிப்பு தொலையும். 1984-இல் சன் நிறுவனம் உருவாக்கிய என்எஃப்எஸ்ஸின் வலிமையே, வழங்கி எதையும் நினைவில் வைக்கத் தேவையில்லை என்பதுதான். விழுந்து எழுந்தாலும் வேலை தொடரும். ஆனால் நான்காம் பதிப்பு, யார் எந்தக் கோப்பைத் திறந்திருக்கிறார், பூட்டியிருக்கிறார் என்பதையெல்லாம் நினைவில் வைக்கத் தொடங்கிவிட்டது. அந்தச் சுமையை ஏற்ற பின் இதை மட்டும் மறுப்பானேன்?

திருவரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவு. முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் வெள்ள நீர் திறக்கப்படும்போது கரையோர மக்கள் எச்சரிக்கப்படுகிறார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆற்றை எட்டிப் பாருங்கள் என்று எவரும் அவர்களிடம் சொல்வதில்லை. மதகைத் திறப்பவருக்கே முதலில் தெரியும்; அவரே சொல்வதுதான் முறை. சிலர் காதில் அது விழாமற் போகலாம். அதற்காக எச்சரிக்கையே வேண்டாம் என்போமா?

வலையக் கோப்பமைப்புகளிடம் நாங்கள் கேட்பதும் இவ்வளவே. மாற்றம் நேர்ந்தால் வழங்கி சொல்லட்டும். சொல்ல முடியாமற் போனால், "சில செய்திகள் தவறின, மீண்டும் பார்த்துக்கொள்க" என்றாவது சொல்லட்டும். வரிசை நிரம்பி வழியும்போது ஐநோட்டிஃபையும் அப்படித்தான் செய்கிறது. முழு உறுதி தர இயலாமை, வாய்மூடி இருப்பதற்குக் காரணமாகாது.