இடத்தைப் பெருக்குவதா, படிகளைப் பெருக்குவதா?

ஸ்ரீராம்புரத்துத் தமிழர் பேச்சில் வழங்கும் சொற்களைத் திரட்டி நான் பொழுதுபோக்காக நடத்திவரும் சிறு இணையத்தளத்தின் ஹோஸ்டிங் சந்தா அடுத்த மாதம் முடிகிறது. பழைய திட்டத்தையே புதுப்பிப்பதா, கூடுதல் விலை கொடுத்துப் பெரிய திட்டத்துக்கு மாறுவதா என்பது வினா. மாற வேண்டியதில்லை என்பது என் முடிவு. இத்தகைய தளங்களை நடத்தும் பிற ஆய்வு மாணவர்களுக்கும் அதையே சொல்வேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் தேவை. ‘தமிழ்’ என்னும் சொல்லில் 5 குறியீடுகள். ஆக 15 பைட். திருக்குறளின் 1330 குறள்களும் சேர்ந்தே அரை மெகாபைட்டை எட்டா. குழாயை ‘நல்லி’ என்னும் கன்னடச் சொல்லால் சுட்டும் நம் தெருப் பேச்சின் அகராதிக்கு எத்தனை சிறிய திட்டமும் போதும்.

இடத்தை விழுங்குவது ஒலிப்பதிவுதான். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் அளவில் ஒற்றைத் தடத்தில் பதிந்த ஒரு மணிநேர வேவ் கோப்பு ஏறத்தாழ 318 மெகாபைட். விநாடிக்கு 64 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் அது 29 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். கேட்க வருபவருக்கு இது போதும். ஒலியியல் ஆய்வுக்குரிய மூலக் கோப்பு இருக்க வேண்டிய இடம் இணையத்தளம் அன்று. இரண்டு தனித்தனி வன்தட்டுகளும் ஓர் ஆவணக் காப்பகமும்.

சிறு தளங்கள் பெரும்பாலும் இடமின்மையால் அழிவதில்லை. நடத்துபவர் பணம் கட்ட மறந்ததாலோ, இயலாததாலோ, சேவை தந்த நிறுவனம் கதவடைத்ததாலோ அழிகின்றன. 2009 அக்டோபர் 26 அன்று யாகூ நிறுவனம் ஜியோசிட்டீஸை மூடியபோது, தமிழ் ஆர்வலர்கள் அங்கே அமைத்திருந்த பக்கங்களும் உடன் மறைந்தன. பிறர் முன்கூட்டியே படியெடுத்து வைத்தவை மட்டுமே எஞ்சின. இன்னொரு வகை அழிவும் உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன் வெவ்வேறு எழுத்துருக்கள் வெவ்வேறு குறியீட்டு முறைகளைக் கொண்டிருந்தன. எழுத்துரு வழக்கொழிந்ததும், சர்வரில் பத்திரமாக இருந்த பக்கம்கூடப் படிக்க இயலாததாயிற்று.

இதற்கு மாறான சான்று மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட அதன் மின்னூல்கள் எளிய எச்டிஎம்எல், பிடிஎஃப் கோப்புகள். முகப்புப் பக்கத்தை நீக்காமல் எவரும் அவற்றைப் படியெடுத்துப் பரப்பலாம். அதனால் அந்நூல்கள் ஒரே சர்வரின் ஆயுளை நம்பியிருக்கவில்லை. ஏட்டுச்சுவடிகள் தப்பியதும் இவ்வாறே: ஓலையின் உறுதியால் மட்டுமன்று, தலைமுறைதோறும் எவரோ படியெடுத்ததால்.

பெரிய திட்டம் எவருக்கும் வேண்டாம் என்று சொல்லவில்லை. 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்னாக்கிவரும் நூலகம் போன்ற முயற்சிக்கு, பக்கப் படங்களின் பெருக்கமும் தேடல் வசதியும் வலிய சர்வரைக் கோருகின்றன. அது ஒரு கூட்டு முயற்சி. தனி ஒருவரின் தளத்துக்கு அளவுகோல் வேறு. முதலாண்டுத் தள்ளுபடியைப் பார்த்து முடிவு செய்யலாகாது. புதுப்பிப்பு விலையே நாம் உண்மையில் சுமக்கப்போவது. ஆய்வு உதவித்தொகை நின்ற பிறகும் தடையின்றிக் கட்டக்கூடிய தொகை எதுவோ, அதுவே தக்க திட்டம்.

மிஞ்சும் பணத்தில் டொமைன் பெயரைப் பல ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பதிவு செய்யலாம். தரவுத்தளம் தேவைப்படாத நிலைப் பக்கங்களாகத் தளத்தை மாற்றலாம். இன்டர்நெட் ஆர்க்கைவில் ஒரு படி வைக்கலாம். கடவுச்சொல்லை நம்பத்தக்க ஒருவரிடம் ஒப்படைப்பதற்குச் செலவே இல்லை.

ஒலிப்பதிவுகளுக்கு மட்டும் ஒரு வரம்பு உண்டு. சொற்பட்டியலை எவரும் எடுத்துச் செல்லலாம். ஆனால் குரல் பேசியவருடையது. எங்கெங்கு வைக்கப்போகிறோம் என்பதை அவருக்கு விளங்கச் சொல்லி, இசைவு பெற்ற பின்னரே படியெடுக்க வேண்டும். எனக்குக் குரல் தந்த முதியவர்களுள் இருவர் இன்று உயிருடன் இல்லை. அவர்கள் தந்த இசைவு இத்தளத்துக்கு மட்டுமே உரியது. ஆகவே அவ்விரு குரல்களும் வேறெங்கும் செல்லா. அவற்றுக்காகவேனும் இந்தச் சிறு சந்தாவை நான் தவறாமல் கட்டியாக வேண்டும்.