கையில் என்ன இருக்கு, அதைச் சொல்லு!



இந்தத் தடவை சமையலும் இல்லை, கைவைத்தியமும் இல்லை. என் வீட்டுக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். உங்களில் பல பேர் வீட்டிலும் இதே கதை நடந்துகொண்டிருக்கும் என்பதால் துணிந்து எழுதுகிறேன்.

என் பெண் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்துப் பதினோரு மாதம் வீட்டில் இருந்தாள். நாற்பது கம்பெனிகளுக்கு மேல் விண்ணப்பம் போட்டாள். பதில் வந்தது இரண்டே இரண்டு. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீதி முழுவதும் இதுதான் பேச்சு. கோவிலுக்குப் போனால், "பொண்ணுக்கு ஏதாவது ஆச்சா மாமி?" காய்கறிக் கடைக்குப் போனால், "பெண் குழந்தைக்கு எதுக்கு இந்த இரும்படிக்கிற படிப்பு?" நாத்தனாரோ ஒரு படி மேலே போய், "வேலை கிடைக்கலேன்னா ஜாதகத்தை எடுத்துட வேண்டியதுதானே?" என்றே கேட்டுவிட்டாள். உண்மையைச் சொல்கிறேன், நானும் பீரோவைத் திறந்து ஜாதகத்தைத் தேடினேன்.

வந்த இரண்டு அழைப்பில் ஒன்று, துவாக்குடியில் ஒரு சின்னப் பட்டறை. சத்திரம் போய் பஸ் மாறிக் கூட்டிக்கொண்டு போனேன். புதுச் சுடிதார், அழகான ஃபைல், அதில் பிளாஸ்டிக் உறை போட்ட மார்க் ஷீட்டுகள். எல்லாம் என் ஏற்பாடு. உள்ளே போனவள் பத்தே நிமிஷத்தில் திரும்பி வந்தாள். மேஜை மேல் ஒரு இரும்புத் துண்டையும் வெர்னியர் காலிப்பரையும் வைத்து, "இதை அளந்து சொல்லும்மா" என்றார்களாம். படிப்பில் டிஸ்டிங்ஷன் வாங்கியவள்தான். ஆனால் அந்தக் கருவியைக் கையில் பிடித்து வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகிறது. கை நடுங்கிவிட்டது. வீடு வந்ததும் கொல்லைப்புறத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். ராத்திரி சாப்பிடவும் இல்லை.

எதிர்வீட்டு மாமா எங்கள் பாய்லர் தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விஷயம் கேள்விப்பட்டு வந்தார். "பயோடேட்டாவைக் கொண்டா பார்ப்போம்" என்றார். வாசித்தார். "கடின உழைப்பாளி, நேர்மையானவர், குழுவோடு இணைந்து பணிபுரிவார்... ஏண்டி குழந்தே, போன வாரம் மேல வீதிப் பையனும் இதையேதானே காட்டினான்! பொழுதுபோக்கு பாட்டுக் கேக்கறதுன்னு அதுவும் அப்படியே இருக்கே!" என்று சிரித்தார். இரண்டையும் அடித்துக் கொடுத்தது ஒரே கம்ப்யூட்டர் கடை. ஆயிரம் பேருக்கு ஒரே பயோடேட்டா என்றால், எடுத்துப் பார்க்கிறவர் யாரைத்தான் கூப்பிடுவார்?

பிறகு மாமா சொன்ன விளக்கம் எனக்கே கண்ணைத் திறந்தது. "நம்ம வீட்டுக் குக்கரை எடுத்துக்கோங்கோ. உள்ளே இருக்கிற அழுத்தம், வெளிக்காத்தை விட ஒரு மடங்குதான் அதிகம். அதுக்கே தண்ணி 120 டிகிரிக்குப் போயிடறது. கேஸ்கட் சரியில்லேன்னா நீங்க எத்தனை பயப்படறேள்! மின்சார நிலையத்துப் பெரிய பாய்லர்லே இருநூறு மடங்குக்கு மேலே போகும். அதிலே ஆயிரக்கணக்கிலே குழாய், அத்தனைக்கும் வெல்டிங் இணைப்பு. ஒண்ணு விட்டுதுன்னா உயிருக்கு ஆபத்து. அதனாலே வெல்டர்கிட்ட நாங்க, 'நீ நல்லவனா, உழைப்பாளியா'ன்னு கேக்க மாட்டோம். குழாயை 45 டிகிரி சாய்ச்சு வச்சு, ஒட்டிக் காட்டுன்னு சொல்லுவோம். அதை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம். உள்ளே ஓட்டை இருந்தா ஃபெயில். இந்தத் தொழில்லே கைதான் பயோடேட்டா."

பொறுப்பான பதில்தானே, சகோதரிகளே? இந்த ஊரே கைத்திறனால் வளர்ந்த ஊர். நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பட்டறை 1920-களில் பொன்மலைக்கு வந்தது. 1960-களில் செக்கோஸ்லோவாகியா நாட்டு உதவியோடு திருவெறும்பூர்ப் பக்கம் பாய்லர் ஆலை எழும்பியது. 1966-ல் துப்பாக்கித் தொழிற்சாலை. 1975-ல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம். 1964-ல் ஆரம்பித்த மண்டலப் பொறியியல் கல்லூரிதான் 2003-ல் என்.ஐ.டி. ஆனது. இவற்றைச் சுற்றித் துவாக்குடியிலும் அரியமங்கலத்திலும் சின்னச் சின்னப் பட்டறைகள் முளைத்தன. பெரிய ஆலைக்கு ஆர்டர் குறைந்தால் இந்தச் சின்னப் பட்டறைகளுக்கும் வேலை குறையும். அப்படிக் குறைந்த வருஷங்களும் உண்டு. அப்போது ஒரு வேலைக்கு நூறு பேர் வரிசையில் நிற்பார்கள். நூறில் ஒருத்தியாகத் தெரிவதற்கு என்ன வழி? மாமா சொல்லி, நாங்கள் செய்து பார்த்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பழைய பயோடேட்டாவைக் கிழித்துப் போட்டோம். ஒரே ஒரு பக்கம், அதில் அவள் தன் கையால் செய்தது மட்டும். கடைசி வருஷம் நாலு பெண்களாகச் சேர்ந்து வாழை நார் பிரிக்கும் இயந்திரம் செய்திருந்தார்கள். திருச்சியில் வாழைக்கா பஞ்சம்! "நாங்கள் செய்தோம்" என்று எழுதியிருந்ததை மாமா அடித்தார். "நாலு பேர்லே நீ என்ன பண்ணினே?" என்றார். யோசித்துச் சொன்னாள். புல்லியின் வரைபடம் இவள் போட்டது. துளை 25 மில்லிமீட்டர், அதற்கு மேல் 0.021 மில்லிமீட்டர் வரைதான் கூடலாம். கடைசலில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடிவிட்டது. இயந்திரம் ஓடும்போது புல்லி ஆடியது. காரணத்தைக் கண்டுபிடித்து, உள்ளே ஒரு ஸ்லீவ் போட்டுச் சரி செய்ததும் இவள்தான். "இதை எழுதலாமா மாமா? தப்புப் பண்ணினது தெரிஞ்சுடுமே!" என்றாள். "இதைத்தாண்டி எழுதணும்! தப்பே பண்ணாதவ பட்டறைக்குள்ளே போகாதவ" என்றார் மாமா.

இரண்டாவது, கைப்பழக்கம். ஒரு வெர்னியர் காலிப்பர் வாங்கிக் கொடுத்தேன். ஒரு புடவை விலை கூட ஆகவில்லை. வீட்டில் ஒரு பாத்திரத்தை விடவில்லை அவள். தோசைக்கல் கனம், டம்ளர் வாய், இட்லித் தட்டுக் குழி, என் வளையல் எல்லாவற்றையும் அளந்தாள். ஒவ்வொன்றையும் மூன்று இடத்தில் அளந்து நோட்டில் குறித்தாள். என் பழைய தோசைக்கல் நடுவில் தேய்ந்து ஓரத்தை விட மெலிந்து போயிருப்பதை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தோசை ஏன் நடுவில் தீய்கிறது என்பதும் புரிந்தது! இரண்டு வாரத்தில் கை நடுக்கம் போன இடம் தெரியவில்லை.

மூன்றாவது, போகிற இடத்தைப் பற்றித் தெரிந்துகொண்டு போவது. பெண் பார்க்க வருகிறவர்களைப் பற்றி நாம் எத்தனை விசாரிக்கிறோம்! அந்தக் கம்பெனி என்ன செய்கிறது, குழாயா, இரும்புக் கூரைச் சட்டமா, ரயில் பெட்டி உதிரிபாகமா என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டாமா? நாற்பது இடத்துக்கு ஒரே கடிதம் அனுப்புவதை விட, நாலு இடத்துக்கு அவரவர் தொழிலுக்குப் பொருந்தும்படி எழுதுவது மேல்.

நான்காவது, அப்ரெண்டிஸ் பயிற்சி. "வேலை கேட்டா பயிற்சிங்கறாளே" என்று முகம் சுளிக்காதீர்கள். 1961-ல் வந்த தொழிற்பழகுநர் சட்டப்படி, பயிற்சிக் காலத்தில் மாதாமாதம் உதவித்தொகை உண்டு, முடிவில் சான்றிதழும் உண்டு. டிப்ளமா, டிகிரி படித்தவர்களுக்குத் தென் மாநிலங்களுக்கான வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கும் தனி ஏற்பாடு உண்டு. "அனுபவம் இருக்கா?" என்று கேட்கிறவர்களுக்கு அந்த ஒரு வருஷமே பதில்.

இதெல்லாம் சரி, பெண் குழந்தை பட்டறையில் நிற்க முடியுமா என்று சில பேர் கேட்பீர்கள். சென்னையில் 1919-ல் பிறந்த லலிதா என்ற பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பதினைந்து வயதில் கல்யாணம். பதினெட்டு வயதில் கணவர் தவறிவிட்டார். அப்போது கையில் நாலு மாதப் பெண் குழந்தை. அவர் மூலையில் உட்காரவில்லை. குழந்தையை உறவினர் பொறுப்பில் விட்டு, கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படித்தார். சான்றிதழில் ஆண்பாலாக அச்சடித்திருந்ததை அடித்துப் பெண்பாலாகத் திருத்திக் கொடுத்தார்களாம். பிறகு ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் ஒரு வருஷம் நேர்முகப் பயிற்சி. பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின்பாதை வேலையிலும் அவர் பங்கு உண்டு. 1964-ல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர் மாநாட்டுக்கும் போய் வந்தார். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர் என்று இன்று கொண்டாடுகிறோம். பெற்ற தகப்பனார் கல்லூரியில் போய்ப் பரிந்து பேசியிராவிட்டால் இத்தனையும் நடந்திருக்குமா? பெற்றவர்கள் துணை என்பது சாதாரணமா!

ராத்திரி ஷிஃப்டுக்கு வருகிறேன். பெண்கள் தொழிற்சாலையில் இரவில் வேலை செய்யக் கூடாது என்று 1948 சட்டத்தில் தடை இருந்தது. அது செல்லாது என்று 2000-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கூடவே, பாதுகாப்புக்கு முதலாளி பொறுப்பு என்றும் சொன்னது. ஆகையால் வண்டி வசதி உண்டா, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை உண்டா என்று தைரியமாகக் கேளுங்கள். நல்ல இடத்தில் முகம் கோணாமல் பதில் சொல்வார்கள். இன்னொன்று, "இத்தனை ஆயிரம் கட்டினால் வேலை நிச்சயம்" என்று எவராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அசல் சான்றிதழ்களையும் யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டலாம், நகலைக் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

இப்போது என் தப்பையும் ஒப்புக்கொள்கிறேன். பதினோரு மாதமும் சாயந்திரம் காபி கொடுக்கும்போது, "இன்னிக்கு யாராவது கூப்பிட்டாளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அக்கறையாகத்தான் கேட்டேன். ஆனால் அந்தக் கேள்வி அவளுக்குத் தினம் ஒரு ஊசி. ஒருநாள் அழுதுகொண்டே சொன்னாள்: "அம்மா, கூப்பிட்டா நான் சொல்ல மாட்டேனா?" அன்றிலிருந்து கேள்வியை மாற்றிக்கொண்டேன். "இன்னிக்கு என்ன அளந்தே?" என்று கேட்பேன். முகம் மலர்ந்து நோட்டைக் கொண்டுவருவாள். வீட்டில் சிரிப்பு திரும்பி வந்தது.

அடுத்த அழைப்பு வந்தபோது நான் கூடப் போகவில்லை. தனியாகவே ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்துப் போய் மாறிக்கொண்டாள். உள்ளே ஒரு வரைபடத்தைக் காட்டி, "மேல்தோற்றம் எங்கே?" என்று கேட்டார்களாம். "நம்ம நாட்டு முறையிலே முன்தோற்றத்துக்குக் கீழே இருக்கும், சார்" என்றாளாம். பிறகு புல்லி கதையைச் சொல்லியிருக்கிறாள். அங்கே இருந்த பெரியவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஸ்லீவுக்கு என்ன உலோகம் போட்டே?" என்று கேட்க ஆரம்பித்தாராம். அரைமணி நேரம் பேச்சு.

பெரிய வேலை ஒன்றும் இல்லை, சகோதரிகளே. ஒரு வருஷ அப்ரெண்டிஸ், தரப் பரிசோதனைப் பிரிவில். உதவித்தொகையில் பஸ்ஸும் மத்தியானச் சாப்பாடும் போக மிச்சம் கொஞ்சம்தான். வருஷம் முடிந்தால் அங்கேயே வைத்துக்கொள்வார்களா என்பதும் நிச்சயமில்லை. ஆனால் சாயந்திரம் வீடு திரும்பும்போது அவள் கையில் எண்ணெய் வாசனை அடிக்கிறது. "கையை அலம்பிக்கோடி" என்று வாய் சொல்கிறது, மனசு என்னவோ நிறைந்துதான் இருக்கிறது.

போன வாரம் நாத்தனார் மறுபடி வந்தாள். "ஜாதகம் என்ன ஆச்சு?" என்றாள். "பீரோவிலேயே பத்திரமா இருக்கு. அவளா கேக்கறபோது எடுத்துக்கலாம்" என்றேன்.

உங்கள் வீட்டிலும் படித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் குழந்தை இருந்தால், இன்று காபி கொடுக்கும்போது கேள்வியை மாற்றிக் கேட்டுப் பாருங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.