படத்துக்குப் பின்னால் பெயர் எழுதி வையுங்கள்



ஒரு வாரமாக ஹியூ மாங்கம் என்பவர் எடுத்த பழைய படங்களை இணையத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1877-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில், டர்ஹாம் என்ற புகையிலை ஊரில் பிறந்தவர். ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்துப் பிழைத்தவர். 1922-இல் காலமானார்.

அவருடைய நெகட்டிவ் எல்லாம் கண்ணாடித் தகடுகள். ஒரே தகட்டை நகர்த்தி நகர்த்திப் பல பேரைக் கட்டம் கட்டமாக எடுக்கும் கேமரா அவருடையது. செலவு குறைவு. அதனால் சாதாரண ஜனங்களும் நல்ல துணி உடுத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள்.

கறுப்பர்களுக்குத் தனிப் பள்ளி, தனி ரயில் பெட்டி என்று அங்கே சட்டமே இருந்த காலம் அது. ஆனால் மாங்கத்தின் தகட்டில் வந்த வரிசைப்படிதான் இடம். வெள்ளைக்காரர் ஒரு கட்டம், கறுப்பர் அடுத்த கட்டம். ஊர் பிரித்து வைத்தவர்களை அந்தக் கண்ணாடி பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறது.

அவர் போன பிறகு தகடுகள் குடும்பத்தின் புகையிலைக் கொட்டகையில் ஐம்பது வருஷம் கிடந்தன. சில உடைந்தன, பல கறை படிந்தன. 1970-களில் கொட்டகையை இடிக்கவிருந்தபோது காப்பாற்றினார்கள். இப்போது டியூக் பல்கலைக்கழக நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

இவ்வளவும் தப்பியது, பெயர் தப்பவில்லை. பெரும்பாலான முகங்கள் யாருடையவை என்று தெரியாது.

முகம் இருக்கிறதே, போதாதா என்று சிலர் கேட்கலாம். போதாது என்பேன். முப்பத்துநான்கு வருஷம் வருகைப் பதிவேடு வாசித்தவன் நான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தானே 'உள்ளேன் ஐயா' என்று ஒரு பிள்ளை எழுந்து நிற்கும்?

நம் பக்கத்திலும் பழைய ஸ்டுடியோக்களின் கண்ணாடி நெகட்டிவ்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டம் ஒன்றின் கீழ் தேடிப்பிடித்து ஸ்கேன் செய்திருக்கிறார்கள். மிக நல்ல வேலை. ஆனால் ஸ்கேனர் முகத்தைத்தான் பிடிக்கும். பெயர் நம் வீட்டுப் பெரியவர்கள் வாயில்தான் இருக்கிறது.

என் கதையையும் சொல்கிறேன். எங்கள் கூடத்தில் ஒரு படம் தொங்குகிறது. தாத்தா நாற்காலியில், ஆத்தா நின்றபடி, அருகில் தலை நிறையப் பூ வைத்த எட்டு வயதுப் பெண். அப்பாவுக்கு அவள் யாரென்று தெரியும். தினம் அந்தப் படத்துக்குக் கீழேதான் அவரோடு காபி குடித்தேன். ஒரு நாளும் கேட்கவில்லை. இன்று கேட்க ஆளில்லை.

செல்போனில் ஆயிரம் படம் வைத்திருக்கும் பிள்ளைகளே, இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டுப் பழைய படங்களை எடுத்துக்கொண்டு பெரியவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். சொல்லச் சொல்ல, பெயர், ஊர், உறவு மூன்றையும் படத்தின் பின்புறம் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும்.

நானும் தொடங்கிவிட்டேன். 1988 பத்தாம் வகுப்புக் குழுப் படத்தில் மூன்றாம் வரிசையில் நாலு பேர் பெயர் எனக்கு நினைவில்லை. கோபித்துக்கொள்ளாமல் கீழே சொல்லுங்கள். எழுதிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்