பத்தாயிரம் லூமென் யாருக்கு?

ஸ்கூபா பழகி நாலைந்து டைவ் முடித்தவர்கள் அடுத்து வாங்க நினைப்பது டார்ச். கடையில் அவர்கள் கேட்கும் முதல் கேள்வியும் கடைசிக் கேள்வியும் "எத்தனை லூமென்?" என்பதுதான். கடைக்காரரும் தயாராகவே இருக்கிறார். "சார், இது ஆயிரம். அது மூவாயிரம். இன்னும் கொஞ்சம் போட்டீங்கன்னா பத்தாயிரம்." கடலுக்கடியில் இருட்டு, இருட்டுக்கு வெளிச்சம் வேண்டும், எனவே எண் கூடக் கூட நல்லது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. தண்ணீருக்குள் இறங்கியதும் இந்த நியாயங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுகின்றன.

முதலில், அந்த எண்ணையே நம்பலாமா? இணையக் கடைகளில் 18650 என்ற வகை லித்தியம் பேட்டரி ஒன்றே ஒன்று போடும் கைடார்ச்சுக்கு 10,000 லூமென் என்று அச்சடித்து விற்கிறார்கள். அந்தப் பேட்டரி நல்ல தரமாகவே இருக்கட்டும்: 3,500 மில்லி ஆம்பியர் மணி, 3.6 வோல்ட். பெருக்கினால் 12.6 வாட் மணி. சூடாகவும் லென்ஸிலும் போகும் இழப்பெல்லாம் கழித்து ஒரு வாட்டுக்கு 100 லூமென் வெளியே வந்தால் அதுவே தாராளக் கணக்கு. அப்படியென்றால் 10,000 லூமெனுக்கு 100 வாட் வேண்டும். பேட்டரி 8 நிமிடம்கூடத் தாங்காது. உண்மையில் அந்த எட்டு நிமிடமும் கிடைக்காது, ஏனென்றால் அவ்வளவு மின்னோட்டத்தை அந்த வகைப் பேட்டரியால் கொடுக்கவே முடியாது. அதே பேட்டரி 1,000 லூமெனை ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தரும். இரவு டைவ் பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிடும்.

நேர்மையான கம்பெனிகளின் பெட்டியிலும் ஒரு நெளிவு சுளிவு உண்டு. டார்ச்சுகளுக்கென 2009-இல் வந்த ஏ.என்.எஸ்.ஐ. எஃப்.எல்.1 என்ற அமெரிக்க அளவுகோலின்படி, எரியும் நேரம் என்பது வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை ஆகும் நேரம். '3,000 லூமென், 2 மணி நேரம்' என்று போட்டிருந்தால், இரண்டாம் மணியின் முடிவில் உங்கள் கையில் இருப்பது 300 லூமெனாக இருக்கலாம். பெட்டியில் பொய் எதுவும் இல்லை. நாம்தான் இரண்டு எண்களையும் சேர்த்துப் படித்து ஏமாறுகிறோம்.

சரி, எண் உண்மையென்றே வைத்துக்கொள்வோம். லூமென் கூடினால் வெளிச்சம் தூரம் போகும் என்பது அடுத்த நம்பிக்கை. லூமென் என்பது டார்ச்சிலிருந்து வெளிவரும் மொத்த ஒளி. அது எத்தனை அகலத்துக்குப் பரவுகிறது என்பதை லூமென் சொல்வதில்லை. அதைச் சொல்வது பீமின் கோணம். 1,000 லூமெனை 10 டிகிரிக்குள் குவித்தால் நடுவில் கிடைக்கும் செறிவு ஏறத்தாழ 40,000 கேண்டெலா. அதே 1,000 லூமெனை வீடியோ லைட்டைப்போல 120 டிகிரிக்கு விரித்தால் 320 கேண்டெலா. நூறு மடங்குக்கும் மேல் வித்தியாசம். ஆக, 120 டிகிரிக்கு விரியும் 10,000 லூமென் லைட், 10 டிகிரி பீம் உள்ள 1,000 லூமென் டார்ச்சிடம் தூரத்தில் தோற்றுப்போகும். நடுவில் கிடைக்கும் செறிவில் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம்.

பகல் டைவில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மட்டக்களப்புக்கு அப்பால், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த எச்.எம்.எஸ். ஹெர்மீஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. பயிற்சி பெற்ற டெக்னிக்கல் டைவர்கள்தான் அங்கே இறங்குவார்கள். அந்த ஆழத்திலும் மேலிருந்து நீல வெளிச்சம் வந்துகொண்டுதான் இருக்கும். விரிந்த லைட் அந்த நீலத்தில் கரைந்து காணாமல் போகும். குவிந்த பீம் மட்டுமே இரும்புத் தகடுகளுக்கு நடுவே புகுந்து உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும். கூட வருபவருக்கு சைகை காட்டவும் அந்தக் குவிந்த புள்ளிதான் உதவும். தரையில் வட்டமாகச் சுழற்றினால் 'ஓகே', பக்கவாட்டில் வேகவேகமாக ஆட்டினால் 'ஆபத்து'. விளிம்பே தெரியாமல் பரவும் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

கலங்கலான தண்ணீருக்குத்தான் பெரிய லைட் வேண்டும் என்பவர்கள் தலைகீழாகப் பேசுகிறார்கள். மழைக்காலத்தில் ஆற்றுநீர் கலந்த வங்கக் கடலில், ஒவ்வொரு கன அடித் தண்ணீரிலும் எண்ணற்ற துகள்கள் மிதக்கின்றன. ஒவ்வொரு துகளும் வெளிச்சத்தைத் திருப்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும். மலைப்பாதையில் பனி இறங்கியிருக்கும்போது ஹை பீம் போட்டு ஓட்டியவர்களுக்கு இது புரியும். எதிரே ஒரு வெள்ளைச் சுவர் எழும்; லூமெனைக் கூட்டினால் சுவர்தான் இன்னும் வெளுக்கும். இதற்கு மருந்து ஒல்லியான பீம், அதோடு கையை நன்றாகப் பக்கத்தில் நீட்டிப் பிடிப்பது. உங்கள் கண்ணுக்கும் பார்க்கும் பொருளுக்கும் இடையே உள்ள தண்ணீரில் வெளிச்சம் விழாமல் பார்த்துக்கொண்டால் பாதிச் சுவர் இடிந்துவிடும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

நிறம் பற்றிய வாதம் சற்று வலுவானது. தண்ணீர் சிவப்பை முதலில் விழுங்கிவிடும். 20 மீட்டரில், பாறைப் பொந்துக்குள் கூட்டமாக நிற்கும் சோல்ஜர் மீன்கள் சாம்பல் நிறத்தில் இருக்கும். விரலில் கீறிக்கொண்டால் வரும் ரத்தம்கூடக் கரும்பச்சையாகத் தெரியும். டார்ச்சை அடித்தவுடன் மீன்கள் செக்கச்செவேல் என்று மாறும். அதுவரை சரி. அதிக லூமென் இருந்தால் அதிக தூரத்துக்கு நிறம் திரும்பும் என்பதில்தான் கோளாறு. 3 மீட்டர் தள்ளியிருக்கும் மீனுக்கு டார்ச் வெளிச்சம் போய்த் திரும்ப 6 மீட்டர். சுத்தமான தண்ணீரிலேயே அந்த வழியில் ஆழ்ந்த சிவப்பு ஏழில் ஒரு பங்குக்குக் குறைந்துவிடும். லூமெனை இரட்டிப்பாக்கினால் சிவப்பு தெரியும் தூரம் அரை மீட்டர் அளவுதான் நீளும். ஒரு தடவை துடுப்பை உதைத்து அருகே போனால் அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். அரை மீட்டருக்குள் போய்விட்டால் உள்ளங்கையில் அடங்கும் சின்ன டார்ச்சே எல்லா நிறத்தையும் காட்டிவிடும்.

பெரிய லைட் பாதுகாப்பு என்பார்கள். வெளிச்சத்தை நம்பியே உயிர் வாழ்பவர்கள் குகை டைவர்கள். அமெரிக்கக் குகை டைவர் ஷெக் எக்ஸ்லி குகை மரணங்களை ஆராய்ந்து 1979-இல் வெளியிட்ட கையேடு இன்றுவரை அவர்களுக்கு அடிப்படை. அந்த மரபில் வந்த விதி 'குறைந்தது மூன்று விளக்கு' என்கிறது. எவ்வளவு பிரகாசம் என்பது விதியில் இல்லை. அந்தக் காலத்து ஹாலஜன் விளக்குகள் தந்தது இன்றைய கணக்கில் சில நூறு லூமென். ஒரே விளக்கை நம்பிப் போனவருக்கு அது 500 லூமெனா 5,000 லூமெனா என்பது, அது அணைந்த நொடியில் அர்த்தமற்றுப் போகிறது.

பெரிய லைட்டுக்குத் தனித் தொல்லைகளும் உண்டு. பக்கத்தில் வருபவர் முகத்தில் ஒருமுறை பட்டால் அவர் கண் மறுபடி இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலை நீலமாக ஒளிர்ந்ததைப் பார்க்க ஊரே திரண்டது. அதுபோன்ற ஒளிரும் உயிர்களைத் தண்ணீருக்குள்ளேயே பார்க்க இரவு டைவில் டார்ச்சை நெஞ்சில் அழுத்தி மறைத்தால் போதும், கண் இருட்டுக்குப் பழகியிருந்தால். சூடும் ஒரு பிரச்சினை. இந்த லைட்டுகளைக் குளிர்விப்பது கடல்நீர்; பையில் தவறி எரிந்தால் தீப்பிடிக்கலாம். அந்தமானுக்கு விமானம் ஏறும்போது பேட்டரியைக் கழற்றித் தனியாக, கைப்பையில் வைக்கச் சொல்வது அதனால்தான்.

'பெரியதாக வாங்கிக் குறைத்து வைத்துக்கொள்ளலாமே' என்பது எதிர்த்தரப்பின் நல்ல வாதம். பாதி ஒப்புக்கொள்கிறேன், இரண்டு மூன்று நிலைகள் உள்ள டார்ச் வசதிதான். ஆனால் பிரகாசத்தைக் குறைக்கலாம், பெரும்பாலான லைட்டுகளில் கோணத்தைக் குறைக்க முடியாது. வீடியோ எடுப்பவர் கதை வேறு. அவருக்கு அகலமான, அதிக லூமென் லைட் இரண்டு வேண்டும், அவர் வாங்கட்டும்.

மற்றவர்களுக்கு 1,000 லூமென் சுற்றுவட்டாரத்தில், 10 டிகிரி பீமுள்ள ஒரு டார்ச்சும், 300 லூமென் அளவில் இன்னொரு சின்ன டார்ச்சும் தாராளம். கடைக்குப் போனால் பீம் எத்தனை டிகிரி, என்ன பேட்டரி, முழு வெளிச்சத்தில் குறையாமல் எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் சொல்லாமல் லூமெனையே திரும்பச் சொல்லும் கடையில் வாங்காதீர்கள்.