கேக் கிலோவில, மா மட்டும் கப்பிலயா?

எங்கட தோப்பூரில பிறந்தநாள் கேக் ஓடர் பண்ற யாரும் "மூனு கப் கேக்" என்டு கேட்கிறதில்ல. ஒரு கிலோ, ரெண்டு கிலோ என்டுதான் கேட்பாங்க. கடையில மாவும் சீனியும் கிலோவிலதான் வாங்குறோம். இடையில, அடுப்படிக்குள்ள மட்டும் எல்லாம் கப்பாகிடுது. வீட்டிலிருந்து கேக் செய்து விற்கிற எங்கட பெண் பிள்ளைகளுக்கு நட்டம் வரும் வழிகளில் இதுவும் ஒன்று.

முதல்ல, கப் என்பது ஒரே அளவு இல்ல. அமெரிக்கக் கப் ஏறக்குறைய 237 மில்லிலீற்றர், ஆஸ்திரேலியக் கப் 250. யூடியூபில சொல்றவர் எந்தக் கப்பை வைத்திருக்கிறார் என்டு எங்களுக்குத் தெரியாது.

அதைவிடப் பெரிய சிக்கல் மாவு. கரண்டியால மெல்லப் போட்டு மேலே வழித்துவிட்டால் ஒரு கப் கோதுமை மா ஏறக்குறைய 120 கிராம். பைக்குள்ள கப்பை விட்டு அமுக்கி அள்ளினால் 150கூட வரும். மூனு கப்புக்கு 360 கிராம் போக வேண்டிய இடத்தில 450 போகுது. கேக் கல்லு மாதிரி வந்தால் பழி அவனுக்கும் பேக்கிங் பவுடருக்கும்!

"ஒரு கப் என்டால் 250 கிராம்" என்பதும் பிழை. அந்தக் கணக்கு தண்ணிக்குத்தான் பொருந்தும். அதே அமெரிக்கக் கப்பில சீனி 200 கிராம், பட்டர் 227, கொக்கோ 85 அளவில்தான் வரும்.

"உம்மம்மா தராசு வைத்தா சமைச்சா?" என்டு கேட்பீங்க. சுண்டால அளந்த சோறு சரியாத்தான் வந்தது. தண்ணி குறைந்தால் இன்னும் கொஞ்சம் ஊத்தலாம். அவனுக்குள்ள போன கேக்கைத் திருத்த ஏலாது. பழைய லவ் கேக் குறிப்புகளைப் பாருங்க, ரவை, கஜு, சீனி எல்லாம் றாத்தல் கணக்கு. எடைதான் எங்கட பழக்கம், கப் பிறகு வந்தது. பாணை இன்டைக்கும் றாத்தல் என்டுதான் கேட்கிறோம். அது 450 கிராம் இருக்க வேணும் என்டு 2024இல வர்த்தமானியே வந்தது.

எத்தனை கிராம் போனது என்டு தெரியாமல் விலை சொல்றது குருட்டுக் கணக்கு. ஒவ்வொரு கேக்கிலும் 90 கிராம் மா கூடப் போனால், 11 கேக்கில ஒரு கிலோ போயிடும்.

டிஜிட்டல் தராசு வாங்க முடிந்தால் வாங்குங்க. இல்லாட்டி, ஒரு கிலோ மாப் பக்கற்றைப் பிரித்து, நீங்க வழமையா அள்ளுற மாதிரியே உங்கட கப்பால அளந்து பாருங்க. எட்டு கப் வந்தால் உங்கட கப் 125 கிராம். சீனிக்கும் அப்படியே செய்து, சுவரில ஒட்டி வையுங்க.

தமிழில சமையல் குறிப்பு எழுதுறவங்களிடம் ஒன்று கேட்கிறேன்: கப்பையும் போடுங்க, பக்கத்தில கிராமையும் போடுங்க. உங்களுக்கு அது ஒரு நிமிட வேலை. வாசிக்கிற பிள்ளைக்கு அது ஒரு நாள் உழைப்பு.